அம்மம்மாவை ஏற்றிச் சென்ற 1990

யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதினருக்கு 1990 என்றால் ரயில் நின்றுபோன ஆண்டு. முஸ்லிம் அயலவர்கள் துரத்தப்பட்ட ஆண்டும் அதுதான். அந்த எண்ணை நள்ளிரவில் நடுங்கும் விரலால் அழுத்துவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மம்மாவுக்கு மூச்சுத் திணறியது. 1990 என்ற தொலைபேசி எண்ணில் 'சுவசெரிய' அவசர நோயாளர் காவு வண்டியை அழைத்தோம்.

அழைப்பை எடுத்தவர் பதறாமல் கேள்வி கேட்டார். தாமதம் எங்களால்தான்: ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகை இல்லை, தம்பி டோர்ச் லைட்டோடு சந்திக்கு ஓடினான். வந்த பையன் முதலில் ஒட்சிசன் முகமூடியைப் பொருத்தினான். பிறகுதான் எங்களைப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்றான். அம்மம்மாவோ முகமூடியை விலக்கி, "தம்பி சாப்பிட்டியோ?" என்று கேட்டார்!

கட்டணம் ஒரு சதமும் இல்லை. முன்பு இப்படியோர் இரவில் வாடகை வான்காரர் பேரம் பேசி முடிப்பதற்குள் உயிர் போய் வரும்.

இது இந்தியாவின் நன்கொடை, கடன் அல்ல. 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கியது. 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.26 கோடி டொலர். வண்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், தொடக்கத்தில் ஊழியர்களுக்கு ஹைதராபாத்தில் பயிற்சியும் கொடுத்தார்கள். வெளிநாட்டு உதவி என்றாலே கல்வெட்டும் நாடாவும்தான் என்று முணுமுணுக்கும் ஆள் நான். இதற்கு ஐந்துக்கு ஐந்து.

அம்மம்மா வீடு திரும்பிவிட்டார். ஒழுங்கைப் பெயரை நாங்களே தகரத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம்.