மலைக்கு எந்தப் பழைய கார்: பத்மினியா, மாருதி 800ஆ?

கேரளத்தின் இடுக்கி மலையில் பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கம் பழைய சின்ன காரைக் கரடுமுரடான பாதைக்கும் ராத்தங்கலுக்கும் ஏற்றபடி மாற்ற நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பதைத்தான்.

1983இல் வந்த மாருதி 800 முன்சக்கர இழுவை வண்டி. பின்னால் படுக்கை, தண்ணீர் கேன், அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு ஈர மண் ஏற்றத்தில் போனால் பாரம் பின்பக்கம் சாயும். முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் வெறுமனே சுற்றும். 12 அங்குலச் சக்கரம் வேறு, கல் பாதையில் அடி தட்டும். பிரீமியர் பத்மினி என்ற பழைய ஃபியட் வகைக் காரில் இழுவை பின்சக்கரத்தில். அதே பாரம் அங்கே உதவியாகிவிடும். பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கு இரும்புப் பட்டை வில்) என்பதால் எடையையும் தாங்கும்.

உதிரிப் பாகம் கிடைப்பதில் மாருதிதான் சுலபம். போடிமெட்டு இறக்கத்தில் பழைய பத்மினியின் டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையலாம். கியரைக் குறைத்தே இறங்க வேண்டும். இருந்தும் என் ஓட்டு பத்மினிக்கே.

எதை எடுத்தாலும் கூரையை வெட்டி உயர்த்த வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. கழற்றி மாட்டும் பலகைப் படுக்கையே போதும். அப்புறம், கொழுக்குமலைக்கு இரண்டுமே வேண்டாம், ஜீப்பில் போங்கள்.