வில் செய்யக் கத்தி கேட்டேன், வெல்டிங் வைத்த இரும்பு வந்தது

போன மாதம் என் இடது தொடையில் நாலு தையல். வெட்டியது நானே வரைந்து, 7,500 ரூபாய் கொடுத்துச் செய்யச் சொன்ன கத்தி. படம் போட்டு ஆன்லைனில் ஆர்டர் பிடிக்கும் கத்திக்காரர்களிடம் வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

கோவையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் மர வில் செய்வது சில வருடப் பழக்கம். பெரும்பாலும் கல்மூங்கில், அதிர்ஷ்டம் இருந்தால் தடசு மரம் (சில ஊர்களில் சடச்சி என்பார்கள்). பிளக்க வெட்டுக்கத்தி, சீவ இரண்டு பக்கமும் பிடி வைத்த இழுப்புக் கத்தி, கடைசியில் சுரண்ட ஒரு தகடு என்று மூன்று கருவி வேண்டும். மொட்டை மாடிக்கும் வீட்டுக்கும் ஏறி இறங்கி அலுத்துப்போய்த்தான் மூன்றையும் ஒரே கத்தியில் அடக்கலாம் என்று கிராஃப் தாளில் வரைந்தேன்.

எட்டு அங்குல நேர் வாய் (வெட்டும் விளிம்பு). கொட்டாப்புளியால் தட்டிப் பிளக்க முதுகு 5 மி.மீ. கனம். முதுகின் ஓரங்களை உருட்டக் கூடாது, விரலை வைத்தால் கீற வேண்டும், ஏனென்றால் அதுதான் எனக்குச் சுரண்டி. வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்துப் பார்த்து மயிரிழையாகச் சுரண்டும் கட்டத்தில் வாயைவிட இந்த ஓரம்தான் உழைக்கும். நுனியில் ஒரு சின்னக் காம்பு. அதில் இன்னொரு பிடியைச் செருகினால் இழுப்புக் கத்தி. எஃகு 5160, லாரி ஸ்பிரிங் பட்டையில் வருகிற வகை. கடினம், எஃகுக்கு அளக்கும் ராக்வெல் கணக்கில், 57 பக்கம். இரும்பு பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓட வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன்.

நுனிப் பிடி யோசனை என் முட்டாள்தனம், அதைக் கத்தி செய்தவர் தலையில் கட்ட மாட்டேன். இழுப்புக் கத்திக்குப் பிடி நம் பக்கம் மடங்கியிருக்க வேண்டும். நேராக இருந்தால் விரல் முட்டி மரத்தில் இடிக்கும். வரையும்போது அது தோன்றவில்லை.

பாதிப் பணம் முன்பணம், நாலு வாரத்தில் கத்தி என்றார். பதினொரு வாரம் ஆனது. அனுப்பும் முன் மீதியையும் கேட்டார். படம் கேட்டேன்; பிடி மாட்டி, பாலிஷ் போட்டு, தேங்காய் நார்மேல் படுக்க வைத்த படம் வந்தது. மயங்கிவிட்டேன். பிடி மாட்டுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேட்டிருக்க வேண்டும். மறைக்க வேண்டியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் முதல் உறுத்தல்: கத்தி முழுக்க அலை அலையாக டமாஸ்கஸ் கோலம் (எஃகை அடுக்கடுக்காக அடித்துச் சேர்த்தால் விழும் வரி). நான் கேட்கவே இல்லை. "இலவசமா போட்டுக் கொடுத்தேன் சார்" என்றார். முதுகின் ஓரங்கள் அழகாக உருட்டப்பட்டிருந்தன, அதாவது சுரண்டி போச்சு. சரி, அரத்தால் நாமே ராவிச் செங்கோணம் எடுத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். அரம் வெண்ணெயில் போவதுபோல் போனது. 57 கடினமுள்ள எஃகில் அரம் அப்படிப் போகாது, வழுக்கிக்கொண்டு மல்லுக்கட்டும். அப்போதே எழுந்திருக்க வேண்டும். ஆசை விடவில்லை.

தடசில் பத்து இழுப்பு இழுத்ததும் வாய் ஒரு பக்கம் மடங்கியது. மடங்கிய வாய் சீவாது, நாரைப் பிய்க்கும். வில்லில் இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. இழுக்கும்போது விரிவது அதுதான். அங்கே ஒரு நார் அறுந்தால் அந்த இடத்திலிருந்தே பிளந்துகொள்ளும். எனக்கு அறுந்தது அங்கேதான். எட்டு மாதம் நிழலில் உலர்த்திய கட்டை இப்போது துணி காயப்போடும் கம்பு.

மறுநாள் மூங்கில். கொட்டாப்புளியால் மூன்றாவது அடி. பிடியை ஒட்டிக் கத்தி ஒடிந்து, வாய் என் தொடைக்கு வந்தது.

தையல் பிரித்த பிறகு பிடியை உடைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் கனத்தில் ஒரு கம்பி, அதைக் கத்தியின் அடியில் வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கோலத்தை உப்புத்தாளால் தேய்த்தேன், போய்விட்டது. மின்னணுச் சாமான் கடையில் ஃபெரிக் குளோரைடு வாங்கி ஊறவைத்தேன். அடுக்கடுக்காக அடித்துச் சேர்த்த எஃகு என்றால் கோலம் திரும்ப எழும்பும். எழும்பவில்லை; மேலோட்டமாகப் பொறித்த படம். தெரிந்தவரின் பட்டறையில் ராக்வெல் மெஷினில் வைத்தோம்: 38. பக்கத்துத் தெருக் கொல்லாசாரி மெஷின் எதுவும் இல்லாமலேயே சொன்னார்: "தம்பி, இதுக்குத் தோய்ச்சலே போடலை. தேங்காய் உரிக்க வெச்சுக்கோ." அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கவே இல்லை.

படங்களை எல்லாம் அனுப்பினேன். பணம் வாங்கும்வரை "சார்" என்றவர் "ப்ரோ" ஆகிவிட்டார். மூங்கிலை வெட்டினால் எந்தக் கத்தியும் ஒடியும் ப்ரோ. சொல்லிச் செய்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது ப்ரோ. டிசைனே உங்களுடையதுதானே ப்ரோ. அப்புறம் பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கக் கூப்பிட்டபோதுதான் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பில் இல்லை, முகவரி இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயரில் யுபிஐ ரசீது இரண்டு. அதற்குமேல் நகரவில்லை.

ஆசாரியிடமே இப்போது ஒரு கத்தி செய்யச் சொல்லியிருக்கிறேன். பட்டையைக் காய்ச்சும்போது பக்கத்தில் நிற்கலாம் என்று சொல்லிவிட்டார்.

பெயர் போடவில்லை, பக்கத்தின் பெயரை எப்படியும் மாற்றிவிட்டார்கள். நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு விளம்பரம் அனுப்பினார்: "வில்லாளிகளுக்கான ஸ்பெஷல் கத்தி, எங்கள் சொந்த டிசைன், 9,000 ரூபாய்." கூடவே ஒரு கிராஃப் தாள் வரைபடம். இடது மூலையில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை இருந்தால் அவர்தான். அந்தக் கறை என் வீட்டு டீ.