வெளியூர் பேக்கப்: செல்லூரிலிருந்து சோழவந்தானுக்கு

மதுரை செல்லூர் வீட்டில் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருடைய கோப்புகளையும் சேமிக்கும் டிஸ்க் பெட்டி) வைத்து நான்கரை ஆண்டு ஆகிறது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் வரம்பற்ற இலவச இடத்தை நிறுத்தியது நினைவிருக்கும். அந்த மாதமே இரண்டு 4 டெராபைட் டிஸ்க் போட்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். பெட்டியைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பணமும் தூக்கமும் போனது அதற்கு வெளியே ஒரு பிரதி வைக்கும் வேலையில்தான்.

அப்பா ஆர்மோனியக்காரர். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகங்களுக்கு வாசித்தவர். அவர் விட்டுப்போன சொத்து ஏறக்குறைய 300 ஆடியோ கேசட்டுகள். 90 நிமிடக் கேசட் ஒன்றை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் கணினிக்கு மாற்றினால் 3.1 ஜிபி வருகிறது; மொத்தமாக ஒரு டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகளின் படங்கள், கல்யாண வீடியோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் சேர்த்தால் இன்று 2.6 டெராபைட்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு இருப்பதால் பத்திரமாக இருக்கிறோம் என்று ஓராண்டு நம்பினேன். 2022இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடத்தைச் சீராக்குகிறேன் என்று உட்கார்ந்து, இரண்டாவது பிரதி என்று நினைத்து ஒரு கோப்புறையை அழித்தேன். பிரதியல்ல, அதுதான் அசல். ஒரு டிஸ்க் அழித்ததை இன்னொன்றும் அதே நொடியில் அழித்துவிட்டது. இரட்டை டிஸ்க்கின் வேலையே அதுதானே. 11 கேசட்டுகள் போயின. நல்ல வேளை, நாடாக்கள் பரணில் இருந்தன. மறுபடி ஓடவிட்டு மாற்ற பதினாறரை மணி நேரம். அதில் ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆர்மோனியத்துக்கு மேல் இரைச்சல்தான் கேட்கிறது.

அதன் பிறகுதான் கிளவுட், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பிடம். பேக்பிளேஸ் நிறுவனத்தின் பி2 சேவையை எடுத்தேன். அப்போது ஒரு டெராபைட்டுக்கு மாதம் 5 டாலர். 2023 அக்டோபரில் 6 டாலர் ஆனது. அதே சமயம், சேமித்த அளவைப்போல் மூன்று மடங்கு வரை மாதந்தோறும் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்றும் ஆக்கினார்கள். அது நியாயமான மாற்றம் என்றே சொல்வேன்.

ஆனால் டாலர் விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். 2.6 டெராபைட்டுக்கு அந்த 2023 விலையில் 15.6 டாலர், டாலர் அப்போதிருந்த 83 ரூபாய் என்றால் 1,295 ரூபாய். வெளிநாட்டு இணையச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேலும் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து மாதம் 1,600 ரூபாயைத் தொடுகிறது, ஆண்டுக்கு 19,000. நாஸில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளையும் அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் புதிதாக மாற்றலாம்.

முதல் பதிவேற்றம் தனிக்கதை. அப்போது 2 டெராபைட். என் இணைப்பில் மேலே போகும் வேகம் 30 எம்பிபிஎஸ். இடைவிடாமல் போனால் ஆறு நாள். பகலில் மனைவி அலுவலக அழைப்பில் இருக்கும்போது படம் உறைந்து உறைந்து நின்றதால் இரவில் மட்டும் என்று ஆனது. மூன்று வாரம் பிடித்தது. ‘வரம்பற்ற’ என்று விற்கும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு இருக்கிறது. பதிவேற்றமும் அதில் சேரும் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

இன்னொரு சங்கடம் கட்டணம் கட்டுவதிலேயே வந்தது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே ஒப்புதல் பதிவு வேண்டும். என் பழைய கார்டு காலாவதியாகிப் புதிது வந்த மாதம், அந்தப் பதிவு இல்லாமல் பணம் போகவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் விளம்பரங்களோடு கிடந்தது. தற்செயலாகக் கண்ணில் பட்டதால் தப்பித்தேன்.

மலிவாக வேண்டுமென்றால் எப்போதாவது மட்டும் எடுக்கும் தரவுக்கான அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் சேவை இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அமெரிக்க மையங்களில் வைத்தால் டெராபைட்டுக்கு மாதம் ஒரு டாலர் அளவுதான். உட்கார்ந்து படித்தபோதுதான் மற்றது தெரிந்தது. வைத்ததை 180 நாளுக்கு முன் அழித்தாலும் முழுக் கட்டணம். திரும்பக் கேட்டால் 12 மணி முதல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இறக்கும்போது மாதத்தின் முதல் 100 ஜிபிக்கு மேல் ஜிபிக்கு 9 சென்ட். என் 2.6 டெராபைட்டையும் ஒரே மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுவர 225 டாலர், அதாவது அதே 83 ரூபாய்க் கணக்கில் 19,000 ரூபாய்க்குக் கிட்ட. சித்திரைப் பொருட்காட்சியில் நுழைவுச் சீட்டைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு, வெளியே வரும் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தது மாதிரி. திருப்பி எடுக்கவே வராது என்று நம்புகிறவர்களுக்கு அது சரி. ஒருமுறை கை சுட்டவன் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

2024 பொங்கலுக்குச் சோழவந்தானில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் யோசனை வந்தது. அங்கேயும் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. டிவிக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட் சும்மா கிடக்கிறது. ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, அதற்குப் பெட்டி, அடாப்டர் எல்லாம் 6,500 ரூபாய். 5 டெராபைட் வெளி டிஸ்க் 11,000. முதல் பிரதியைச் செல்லூரிலேயே யூஎஸ்பி வழியாக ஏற்றினேன். ஏழு மணி நேரத்தில் முடிந்தது. டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, பெரியார் நிலையத்தில் சோழவந்தான் பஸ் ஏறினேன். கிளவுடுக்கு மூன்று வாரம் எடுத்த வேலை, வேகத்தடைகளில் நெஞ்சு பதறப் பதற ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இரண்டு வீட்டையும் இணைப்பது டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழைய முடியாது. இது அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். பேக்கப் எடுப்பது ரெஸ்டிக் என்ற இன்னொரு மென்பொருள். குறியாக்கம் செய்தே அனுப்புகிறது. மாறியதை மட்டும் அனுப்புவதால் இரவில் அரை மணி நேரம் போதும். கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது. அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் ஒன்றும் சித்தப்பா வீட்டு இரும்புப் பெட்டியில் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

2024 அக்டோபர் 25 பிற்பகல் பெய்த மழை செல்லூர்க்காரர்களுக்கு மறக்காது. பந்தல்குடி கால்வாய் நிரம்பித் தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து எங்கள் முன்னறைக்கும் வந்தது. தரையில் இருந்த யூபிஎஸ் முழுகிவிட்டது. நாஸ் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில். தண்ணீருக்கும் அதற்கும் இரண்டு விரற்கடை இருந்தபோது மனைவி தூக்கிக் கட்டிலில் வைத்தாள். அன்றிரவு ஈரத் தரையில் நின்றுகொண்டு போனில் சோழவந்தான் பெட்டியைத் தேடினேன். ஆளில்லை. கடைசியாக பேக்கப் நடந்து 47 நாள் ஆகியிருந்தது.

சித்தப்பாவை அழைத்தேன். “அந்த நீல விளக்கா? இராத்திரி முழுக்கச் சும்மாவே எரிந்துகொண்டிருந்ததப்பா. கரண்ட் வீண் என்று நான்தான் பிடுங்கி வைத்தேன்” என்றார். அவர் மேல் தவறில்லை. பெட்டியும் டிஸ்க்கும் சேர்ந்து 8 வாட், இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்கூட வராது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். பேக்கப் நின்றால் எனக்குத் தகவல் வரும்படியும் வைத்திருக்க வேண்டும். இப்போது இரண்டு நாள் தொடர்பு இல்லையென்றால் போனுக்குச் செய்தி வருகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை ஒரு பகலோடு போய்விடும் என்பதால் இரண்டு நாள்.

அடுத்த வாரம் நேரில் போய், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டினேன். மேலூர்ப் பக்கத்து நாடகம் ஒன்றை அங்கேயே இறக்கிப் போட்டேன். தன் அண்ணன் வாசிப்பைக் கேட்டுச் சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இதில் பின்பாட்டு யார் தெரியுமா?” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒரு நாடகம் கேட்கிறார். பேக்கப்பிலிருந்தே எடுத்துத் தருகிறேன். சோம்பேறியான நான் மாதந்தோறும் மீட்டுப் பார்ப்பது இப்படித்தான் நடக்கிறது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். 17,500 ரூபாயை மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 490. மின்சாரத்துக்கு 30. சித்தப்பா பணம் வாங்க மாட்டார் என்பதால் அவர் வீட்டு இணையக் கட்டணம் 500 ரூபாயை நான் கட்டுகிறேன். சித்தி சீரியல் பார்ப்பதும் அதில்தான். ஆக, மாதம் 1,020. கிளவுடைவிட மலிவுதான், ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இலாபம் வேறு இடத்தில்: தரவு 5 டெராபைட் வரை வளர்ந்தாலும் தொகை ஏறாது, முழுவதையும் திருப்பிக் கொண்டுவரச் செலவு பஸ் டிக்கெட்.

குறையும் இருக்கிறது. செல்லூரும் சோழவந்தானும் ஒரே வைகைக் கரை. அதனால் சோழவந்தான் பெட்டியை அங்கே பரணுக்கு ஏற்றினேன். போனால் வராதவற்றை மட்டும் பி2இல் வைத்திருக்கிறேன்: பத்திரங்கள், பிள்ளைகளின் படங்களில் பொறுக்கியவை, கேசட்டுகளின் எம்பி3 வடிவம். ஒரு கேசட் எம்பி3இல் 130 எம்பிதான். முன்னூறும் 40 ஜிபிக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லாம் சேர்த்து 240 ஜிபி, அதே 2023 விலைக் கணக்கில் மாதம் 150 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எதைப் பொறுக்குவது என்று தீர்மானிக்க எங்களுக்கு ஒரு மே மாத விடுமுறை முழுவதும் ஆனது; கல்யாண வீடியோ இதில் வேண்டாம் என்று மனைவிதான் முதலில் சொன்னாள்.

அடுத்த தையில் பரணில் இருக்கும் டிஸ்க்குக்கு மூன்று வயது. புதியது வாங்கியதும் பழையதைத் தன்னிடமே விட்டுவிடச் சொல்கிறார் சித்தப்பா, டிவியில் சொருகி நாடகம் பார்க்கலாம் என்று. குறியாக்கம் செய்த டிஸ்க்கை டிவி படிக்காது என்பதையும், அதில் இருப்பது ஒலி மட்டும்தான் என்பதையும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.