எல்க் வேட்டையில் அம்பு எய்யும் கோணங்கள்: எது நம்பகமானது?

செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ, மொன்டானா, ஐடஹோ மலைகளில் வில்வேட்டைப் பருவமும், எல்க் எனப்படும் பெரிய மான்களின் இணைசேரும் காலமும் ஒன்றாக வருகின்றன. ஆண் எல்க்கின் கூவலுக்கு மறுகூவல் கொடுத்தால், முந்நூறு கிலோ எடையுள்ள அந்த விலங்கு இருபது மீட்டர் தொலைவுக்கே வந்து நிற்பதுண்டு. அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும். வேட்டைக்காரர்கள் ஓயாமல் வாதிடும் நிலைகள் நான்கு: முழுப் பக்கவாட்டு, நம்மை விட்டு விலகியபடி (பின்புறம் நம் பக்கமாக, தலை அப்பாலாக) சாய்ந்து நிற்பது, நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்பது, நேருக்கு நேர் நிற்பது. சரியாகப் பட்டால் எவ்வளவு விரைவில் விழும் என்பதை வைத்துத்தான் பலரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் ஒப்பிடுவது வேறு விதமாக. குறி ஒரு கையகலம் விலகினால் அந்த விலங்குக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாத கோணத்தில் நாணை விடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

காரணம், அம்பு வேலை செய்யும் விதம். துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தால் சுற்றியுள்ள தசையையும் சிதைத்துவிடும். அம்பு தான் போகும் பாதையை மட்டுமே வெட்டுகிறது. கொலராடோ சட்டம் குறைந்தது 35 பவுண்டு இழுவிசையுள்ள வில்லையும், 7/8 அங்குல அகலத்துக்கு வெட்டும் எஃகு முனையையும் கேட்கிறது. ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த வெட்டு எந்த உறுப்புகளின் வழியே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு நுரையீரல்களிலும் துளை விழுந்தால் இரத்தம் வடிவதோடு மார்புக்கூட்டுக்குள் காற்றும் புகுந்து, நுரையீரல்கள் சுருங்கிவிடும். சில விநாடிகளிலேயே விலங்கு தள்ளாடத் தொடங்கும். ஒரே நுரையீரலில் பட்ட எல்க்கோ மலைமுகட்டைக் கடந்து பல கிலோமீட்டர் போய்விடும். சில பிழைக்கும். பல, யாரும் போகாத பள்ளத்தாக்கில் கிடந்து சாகும். ஆகவே ஒவ்வொரு கோணத்திலும் முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு நுரையீரல்களுக்கும் வழி இருக்கிறதா என்பதைத்தான்.

அதற்கு எலும்புக்கூட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தோள்பட்டை எலும்பு முதுகருகே தொடங்கி, முன்னோக்கிச் சரிந்து, மார்பின் முன்முனைக்கு அருகில் மேற்கை எலும்போடு (முன்னங்காலின் மேல் எலும்பு) சேர்கிறது. அந்த மேற்கை எலும்பு அங்கிருந்து பின்னோக்கிச் சரிந்து முழங்கை மூட்டுக்கு வருகிறது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் சேர்ந்து படுக்கவைத்த 'வி' வடிவம். அதன் கூர்முனை விலங்கின் முன்புறம், திறந்த வாய் பின்புறம். இதயம் முழங்கை மூட்டின் உயரத்துக்குச் சற்று மேலே, மார்பின் அடியில் அமர்ந்திருக்கிறது. நுரையீரல்கள் அதைச் சூழ்ந்து மேலே முதுகெலும்பு வரையிலும், பின்னே உதரவிதானம் வரையிலும் பரவியுள்ளன. நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் இடையில் வெற்றிடம் இருப்பதாக ஒரு நம்பிக்கை வேட்டை முகாம்களில் இன்றும் உலவுகிறது. அப்படி ஓர் இடம் இல்லை. ஏமாற்றுவது தோளின் மேடுதான். தோளுக்கு மேலே முதுகெலும்பிலிருந்து நீண்ட முட்கள் எழும்பி நிற்பதால், முதுகுத்தண்டு நாம் நினைப்பதைவிட வெகுவாகத் தாழ்ந்து ஓடுகிறது. அதற்கு மேலே பட்ட அம்பு தசையை மட்டும் துளைத்துப் போகும், எல்க் ஓடிவிடும்.

முழுப் பக்கவாட்டு நிலையில் இலக்கு மிகப் பெரியது. நன்கு வளர்ந்த ஆணிடம் இதயமும் நுரையீரல்களும் சேர்ந்த பகுதி சுமார் 35 செ.மீ. அகலம் இருக்கும். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டிக் கண்ணை மேலே கொண்டுபோய், அடிமார்பிலிருந்து மார்பு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்தினால் அதுவே குறி. ஒரு கையகலம் மேலே போனாலும் இரு நுரையீரல்களும் கிடைக்கும். கீழே போனால் இதயம். பின்னே ஒரு கையகலம் போனாலும் நுரையீரலின் பின்பகுதியிலோ கல்லீரலிலோ படும். இரண்டு கையகலம் போனால் வயிறு. முன்னே போனால் மேற்கை எலும்பு. பிழைக்கு இடம் கொடுக்கும் கோணம்தான், ஆனால் அந்த இடம் எல்லாத் திசையிலும் சமமாக இல்லை.

நடந்துகொண்டிருக்கும் விலங்கின் விஷயத்தில் இந்தக் கணக்கும் உடையும். விநாடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 36 மீட்டரைக் கடக்க அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. நிதானமாக நடக்கும் எல்க் அதற்குள் அரை மீட்டருக்கு மேல் முன்னேறிவிடும். நுரையீரலுக்கு விட்ட அம்பு வயிற்றில் போய்ப் படுவது பெரும்பாலும் இப்படித்தான். வாயால் பெட்டை எல்க்கைப் போல ஒரு சிறு குரல் கொடுத்து, விலங்கை நிற்கவைத்த பிறகே அம்பை விட வேண்டும்.

நம்மை விட்டு விலகியபடி சற்றே சாய்ந்து நிற்கும் நிலையை நான் பக்கவாட்டுக்கும் மேலே வைப்பேன். அம்பு கடைசி விலா எலும்புகளுக்கு இடையே நுழைந்து, முன்னோக்கிச் சாய்வாகப் போய், எதிர்ப்பக்கத் தோளருகே வெளியேறுகிறது. வழியில் எலும்பென்று பார்த்தால் விலா மட்டுமே. குறி கொஞ்சம் பின்னால் போனாலும் அம்பின் திசை அதை மார்புக்கூட்டுக்குள்ளேயே கொண்டுசேர்க்கும். கல்லீரலைக் கிழித்துவிட்டு நுரையீரலுக்கும் போகும். தலை மறுபக்கம் திரும்பியிருப்பதால் நாணை இழுக்கும் அசைவும் அதன் கண்ணில் எளிதில் படாது.

ஆனால் இந்த நிலையில் பலர் ஒரே பிழையைச் செய்கிறார்கள். பக்கவாட்டில் பழகிய பழக்கத்தில், நமக்கு அருகிலுள்ள முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்துவிடுகிறார்கள். அந்த அம்பு அருகிலுள்ள நுரையீரலை மட்டும் கிழித்து மார்பின் முன்புறம் வழியே போய்விடும். குறிவைக்க வேண்டியது எதிர்ப்பக்க முன்னங்காலுக்கு. உடலை ஊடுருவி அந்தக் காலைத் தொடும் கோட்டைக் கற்பனை செய்து, அந்தக் கோடு நம் பக்கம் தோலைத் தொடும் இடத்தில் எய்ய வேண்டும். மலைச்சரிவில் மேலிருந்து கீழே எய்யும்போதும் இதே முறைதான்: அம்பு வெளியேறும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

சாய்வு நாற்பத்தைந்து பாகைக்கு மேல் போனால் கதை மாறுகிறது. எல்க் அசைபோடும் விலங்கு. அதன் பெரிய இரைப்பை வயிற்றின் இடப்பக்கத்தை நிறைத்திருக்கிறது. இடப்பக்கமிருந்து மிகச் சாய்வாக நுழையும் அம்பு, ஈரப் புல் அடைத்த அந்தப் பையைத் தாண்டித்தான் நுரையீரலுக்குப் போக வேண்டும். வேகம் அங்கேயே செத்துவிடும். வலப்பக்கத்தில் கல்லீரல் முன்னால் இருப்பதால் நிலைமை கொஞ்சம் மேல். அதற்காக அந்தக் கோணத்தை நம்பிவிட முடியாது. ஓர் அடி எடுத்துவைக்கட்டும் என்று காத்திருப்பது நல்லது.

நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் நிலையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. தோள்பட்டையும் மேற்கை எலும்பும் சேரும் கனத்த மூட்டு நேராக அம்பின் வழியில் நிற்கிறது. அதைத் தவிர்த்துப் பின்னால் எய்தால் ஒரு நுரையீரலும் வயிறும். எலும்பைத் துளைத்துவிடலாம் என்பவர்கள் கனமான அம்புகளை எடுத்துக்காட்டுவார்கள். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அம்பு ஊடுருவலை நெடுங்காலம் ஆராய்ந்த எட் ஆஷ்பி, கனத்த எலும்பை நம்பகமாக உடைக்க சுமார் 650 கிரெய்ன், அதாவது 42 கிராம் எடையுள்ள அம்பு வேண்டும் என்றார். இன்று பெரும்பாலானவர்களின் அம்பு 400 முதல் 500 கிரெய்ன்தான். அத்தகைய அம்போடு இந்தக் கோணத்தில் எய்வது அந்த விலங்குக்குச் செய்யும் கொடுமை.

உண்மையான வாதம் நேருக்கு நேர் நிலையில்தான். கூவலைக் கேட்டு வரும் ஆண், குரல் வந்த திசையைப் பார்த்தபடியே வருகிறது. ஆகவே வில்லோடு நிற்பவர் அதிகம் காண்பதும் இந்தக் காட்சியைத்தான். இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கழுத்து மார்போடு சேரும் பள்ளத்தில் எலும்பு இல்லை. அங்கே நுழையும் அம்பு பெரிய இரத்தக் குழாய்களை அறுத்துவிட்டால், விலங்கு கண்ணெதிரிலேயே விழும். அப்படி விழுந்ததை மறுக்கவே முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்தின் அகலம் பத்துப் பன்னிரண்டு செ.மீ. மட்டுமே. இருபுறமும் தோள்முனைகள், கீழே மார்பெலும்பு. ஒரு கையகலம் விலகினால் அம்பு விலாக்கூட்டுக்கு வெளியே, தோளுக்கு அடியில் வழுக்கிப் போகலாம், அல்லது ஒரு நுரையீரலோடு நின்றுவிடலாம். வெளியேறும் துளை அநேகமாக இராது. இரத்தம் உள்ளேயே தேங்குவதால் தடம் கிடைப்பதும் அரிது. அதோடு விலங்கு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்த விநாடியும் சுழன்று பாயும். பதினைந்து மீட்டருக்குள், தலை நிமிர்ந்து அசையாமல் நிற்கும் எல்க்கிடம், அந்த அளவு இலக்கைத் தவறாமல் தொடும் கைக்கு மட்டும் இது பொருந்தலாம். என் அளவுகோலில் இது தோற்றுவிடுகிறது. நான் அதை எய்ய மாட்டேன், புதியவர்களுக்குப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

அந்த நிலையே வராமல் செய்வதற்கு வழி இருக்கிறது. கூவுபவரும் எய்பவரும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. கூவுபவர் முப்பது நாற்பது மீட்டர் பின்னால், காற்று போகும் திசையைக் கருதிச் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். எல்க் அவரைத் தேடிப் போகும்போது எய்பவரைப் பக்கவாட்டில் கடந்து போகும். ஒரு மரத்துக்குப் பின்னால் அதன் தலை மறையும் விநாடியில் நாணை இழுத்துத் தயாராகிவிடலாம்.

விட்ட பிறகு அம்பைத் தேடி எடுத்து அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும். அடர் சிவப்பு கல்லீரலைக் காட்டுகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரம். பச்சையும் பழுப்புமாய் நாற்றம் அடித்தால் வயிறு; எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. துரத்தாவிட்டால் அது அநேகமாக அருகிலேயே படுத்துவிடும். துரத்தினால் எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும், தடமும் அங்கேயே முடிந்துபோகும்.