எக்ஸ்ரே பார்த்து மதிப்பெண் போடும் மென்பொருள்: கடலோர டிபி முகாம்களில் புழங்கிய அனுபவம்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் நடக்கும் காசநோய் முகாம்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகிறவன் நான். கையில் தூக்கிப் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி, படத்தைப் பார்த்து டிபி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடும் மென்பொருள் ஏற்றிய லேப்டாப். இரண்டோடும் நன்றாகப் பழகியாகிவிட்டது.

பெரிய லாபம், இருமலே இல்லாதவரையும் இது பிடித்துக் கொடுப்பது. 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் கண்டுபிடித்த காசநோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறி மட்டும் கேட்டிருந்தால் விட்டுப்போயிருப்பார்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் படத்தை ஆளுக்குப் பதில் மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொல்லிவிட்டது. எங்களுக்கு அதில் பெரிய வசதி, ஆள் கிளம்பும் முன்பே மதிப்பெண் வந்துவிடும். நெட் கிடைக்காத குப்பத்திலும் ஓடுகிறது.

தொல்லை பழைய தழும்பில்தான். டிபி வந்து குணமானவர் நுரையீரலில் தழும்பு நின்றுவிடும். அதற்கும் மென்பொருள் மதிப்பெண்ணை அள்ளிப் போடுகிறது. மதிப்பெண் கூடினால் சளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பாம்பன் பக்கம் ஒரு பெரியவர், "ஏம்ப்பா, மாத்திரை முழுசாத் தின்னு முடிச்சாச்சு, நல்லாயிருச்சுன்னு டாக்டரே சொன்னாக, மறுபடி எதுக்கு இது?" என்று சளி டப்பாவை என்னிடமே திருப்பி நீட்டினார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. முன்பு சிகிச்சை எடுத்தவரா என்று குறிக்க எங்கள் மென்பொருளில் ஒரு கட்டம்கூட இல்லை. சீட்டில் பேனாவால் எழுதி அனுப்புகிறோம்.

அப்புறம் ஊக்கு. தாலிச் சங்கிலியில் நாலைந்து ஊக்கு கோத்திருப்பார்கள், கழுத்தில் தாயத்தும் இருக்கும். படத்தில் விழுந்தால் திரும்ப எடுக்க வேண்டும். தாலியைக் கழற்றுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், வரிசையே கலைந்துவிடும்! மறைப்பும் கூட ஒரு பெண் ஊழியரும் இருந்தால், ஊக்கைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளி வேலையை முடித்துவிடலாம்.

எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சளி எடுப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார். குறைத்து வைத்தால் பரிசோதனைக் கூடம் திணறும். கூட்டினால் நோயாளி தப்புவார். அந்தந்த ஊருக்கு ஏற்ப இதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. எங்களுக்கோ மேலிருந்து ஒரே எண் வந்தது, அதுவே நிற்கிறது.

சளியில் டிபி உறுதியானாலும் ஆளைப் பிடிப்பது தனி வேலை. போன் போட்டால் கடலில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். முகாமை அப்போது வைத்தால் மருந்து தொடங்கும் வரை ஆள் ஊரில் இருப்பார். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவிக்கு வங்கிக் கணக்கு விவரத்தையும் அப்போதே வாங்கிவிடலாம்.

இந்த மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். சளிப் பரிசோதனைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினால் மட்டும். கழுத்தில் நெறி கட்டி வரும் டிபி நெஞ்சுப் படத்தில் தெரியாது. அதனால் மதிப்பெண் குறைவாக வந்தவரையும் கழுத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே நர்ஸ் அனுப்புகிறார்.