ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய தொடர்: முழுதாகப் பார்த்து முடித்தவனின் அனுபவம்

எல்லோரும் பேசிக்கொள்ளும் அந்தக் குடும்ப மர்மத் தொடரைத் தொடங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கதைச் சுருக்கம், நடிகர்கள், எத்தனை எபிசோட் என்பதெல்லாம் அவருக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தொடரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் என் மனக்குறை அதற்கு மட்டும் உரியதன்று. பல ஆண்டுகளாகத் தொடர்களையும் படங்களையும் விடாமல் பார்த்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தீராமல் இருக்கும் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் இன்னொருவரிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் முடிந்துபோகும் சிக்கலை, அந்த வாக்கியத்தைச் சொல்லவிடாமலே கடைசிவரை இழுத்துச் செல்வது.

இந்தத் தொடரின் மூன்றாம் எபிசோடில், தந்தையின் சாவு பற்றிய உண்மையை அறிந்த அக்கா, தம்பியைத் தனியறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தி, “உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்கிறாள். கேமரா மெல்ல அவள் முகத்தை நெருங்குகிறது, பின்னணி இசை அடங்குகிறது, அவள் வாய் திறக்கும் அந்த நொடியில் மேசைமேல் இருக்கும் கைபேசி அதிர்கிறது. தம்பி எடுத்துப் பேசுகிறான். “அப்புறம் பேசலாம் அக்கா” என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறான். அவள் அவனைத் தடுக்கவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. தொடர் முழுவதும் கையில் போனோடு திரியும் அவளுக்கு அன்றிரவு ஒரு செய்தி அனுப்பத் தோன்றவில்லை. அடுத்த எபிசோடில் இருவரும் ஒரே காரில் நெடுந்தூரம் போகிறார்கள். அப்போதும் பழைய வீட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேச்சு. நடுவில் இரண்டு பேர் செத்துப்போகிறார்கள். கடைசி எபிசோடில் ஒருவழியாக அவள் அதைச் சொல்லும்போது, “இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை?” என்று தம்பி கேட்கிறான். அது நான் வாரக்கணக்கில் திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அவள் அழுகிறாள், காட்சி மாறிவிடுகிறது. அந்தக் கேள்வியைத் தம்பியின் வாயில் வைத்த எழுத்தாளருக்கு அதற்கு விடை தேட வேண்டும் என்று மட்டும் தோன்றாமல் போனது எப்படி?

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், அக்காவாக நடித்தவரைக் குறை சொல்ல வழியே இல்லை. காரணமே எழுதித் தரப்படாத மௌனத்தைக் கண்ணாலும் தொண்டையசைவாலும் நம்ப வைக்க முயன்றிருக்கிறார், பல இடங்களில் வென்றும் இருக்கிறார். ஒளிப்பதிவும் உயர்ந்த தரம்.

மௌனமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பயம், வெட்கம், கொடுத்த வாக்கு, இன்னொருவரைக் காப்பாற்றும் கட்டாயம் என்று வாய் திறக்காமல் இருக்க மனிதருக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. பேசினால் எதை இழக்க நேரும் என்பதைப் பார்ப்பவனுக்குக் காட்டிவிட்டால் அந்த மௌனமே கதையாகிவிடும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் பிரிவதற்குக் காரணம் கடற்கரையில் பாடிய கானல்வரிப் பாட்டைத் தவறாக எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அங்கே மாதவி சும்மா இருக்கவில்லை. தோழி வசந்தமாலையின் கையில் மடல் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுக்கிறான். கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவரும் இரண்டாவது மடல் அவனை எட்டும்போது அவன் மதுரைக்குப் பாதி வழி கடந்துவிட்டான். அவள்மேல் பிழையில்லை என்று தெளிந்தும் திரும்ப முடியாத நிலை. சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது, அது பயன்படாமல் தடுத்தது அவனுடைய குணமும் காலமும். இத்தனைக்கும் கோவலன் கொலையுண்ணப் போவதை நூலின் முகப்பிலுள்ள பதிகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும் கொலைக்களக் காதையைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

மறைத்தால்தான் விறுவிறுப்பு என்ற நம்பிக்கையைத் தொலைக்காட்சியே எப்போதோ பொய்யாக்கிவிட்டது. 1971-இல் தொடராக வரத் தொடங்கிய ‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரில் கொலைகாரர் யார் என்பதை வழக்கமாக முதல் பகுதியிலேயே காட்டிவிடுவார்கள்; துப்பறிபவராக நடித்த பீட்டர் ஃபால்க் அந்தக் கசங்கிய கோட்டோடு வந்து, போவதுபோலப் போய், வாசலில் நின்று திரும்பி இன்னும் ஒரு கேள்வி கேட்பதில்தான் முழு ஈர்ப்பும் இருந்தது. பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் எழுந்திருக்க மனம் வராது.

பிறகு ஏன் இழுக்கிறார்கள்? கதை எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்று பார்த்து எபிசோடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்வதில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிற முதன்மைக் காரணம். ‘லாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் இதற்கு நல்ல சான்று. 2004-இல் தொடங்கிய அந்தத் தொடரின் மூன்றாம் சீசனில், முடிவு எப்போது என்று தெரியாத நிலையில், நாயகனின் கையில் பச்சை குத்தியிருப்பதற்கு விளக்கம் சொல்ல ஒரு முழு எபிசோடையே செலவழித்தார்கள். முடிவை முன்பே குறிக்க வேண்டும் என்பதற்கு அதன் எழுத்தாளர்கள் பின்னர் அதே எபிசோடைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். 2010-இல் தொடர் முடியும் என்ற அறிவிப்பு 2007-லேயே வந்தது. முடிவு தெரிந்திருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. தந்தை தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதாக அமைந்த ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ தொடரில் அந்தப் பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்பதற்காக இறுதிக் காட்சியில் அவர்களுக்குரிய பகுதியை இரண்டாம் சீசன் காலத்திலேயே படமாக்கி வைத்துக்கொண்டார்கள். 2014-இல் ஒன்பதாம் சீசன் முடிவில் அதை ஒட்டவைத்தபோது, இடையில் வளர்ந்து மாறிவிட்ட பாத்திரங்களுக்கு அந்த முடிவு பொருந்தவில்லை என்று பல ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வழிதெரியாமல் அலைந்ததைவிட அந்தப் பிடிவாதம் மேல் என்றே சொல்வேன்.

எழுத்தாளர்கள்மேல் முழுப் பழியையும் போடவும் மனம் வரவில்லை. 2023 மே முதல் செப்டம்பர் வரை அமெரிக்க எழுத்தாளர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், ஒரு தொடருக்குக் குறைந்தபட்சம் இத்தனை எழுத்தாளர்கள், இத்தனை வாரங்கள் என்பதும் ஒன்று. ‘மினி ரூம்’ என்ற பெயரில் சிலரைக் குறுகிய காலம் உட்கார வைத்து எழுதி வாங்கிவிட்டு, படப்பிடிப்பு தொடங்குமுன்பே அனுப்பிவிடும் வழக்கத்தை எதிர்த்துக் கேட்டார்கள். எழுதியவர் தளத்தில் இருந்தால், “போன் வந்தால் வரட்டுமே, நான் ஏன் சொல்லாமல் விடுகிறேன்?” என்று அந்த நடிகை கேட்டிருப்பார், அவரும் ஏதாவது ஒரு பதிலைக் கண்டுபிடித்திருப்பார்.

படங்களில் நேரம் குறைவு என்பதால் இந்த நோயும் கொஞ்சம் குறைவு. ஆனால் காதல் படங்களின் கடைசி அரைமணி நேரத்தைக் கேட்கவே வேண்டாம்: கதவோரம் நின்று ஓர் அணைப்பில் பாதியைப் பார்த்துவிட்டு நாயகி திரும்பி நடப்பாள், நாயகன் அணைத்தது அவன் தங்கையை. மீதிப் படம் விமான நிலையத்தில்.

இனி, இந்தத் தொடரில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத மகிழ்ச்சியையும் சொல்லிவிட வேண்டும். அதில் ஒரு வயதான வழக்கறிஞர் வருகிறார். மொத்தமே சில காட்சிகள்தான். அவருக்கு ஒன்று தெரியவந்தால் அடுத்த காட்சியிலேயே உரியவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறார். ஐந்தாம் எபிசோடில் சித்தப்பாவின் எதிரில் உட்கார்ந்து, வழக்குக் கோப்பைக்கூடத் திறக்காமல், “அன்று இரவு காரை எடுத்தது நீங்கள்தான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்” என்கிறார். இசை இல்லை, குளோசப் இல்லை. அதற்குப் பிறகு அந்த இருவருக்கும் இடையே நடக்கும் பத்து நிமிடங்கள்தான் தொடரிலேயே என்னை நிமிர்ந்து உட்காரவைத்தவை. சித்தப்பா மறுக்கலாம், மிரட்டலாம், கெஞ்சலாம், பேரம் பேசலாம், நான்கையும் செய்கிறார். உண்மை வெளியே வந்தபின் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அந்தக் காட்சியில் இருந்த இடம், உண்மை வராமல் தடுக்கும் மற்ற எபிசோடுகள் எதிலும் இல்லை. இதை எழுதத் தெரிந்தவர்களே அதையும் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டுகிறது.

நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு நான்கு வரும். நான் கொடுப்பது இரண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்து யாரும் என்னைத் திருத்த வேண்டாம். நண்பர் ஐந்தாம் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த சீசன் வந்தால் நான் பார்ப்பேனா என்றால், அந்த வழக்கறிஞருக்கு இன்னும் நான்கு காட்சிகள் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்றால் முதல் நாளே பார்ப்பேன்.