கைவிடப்பட்ட வாகனங்களை அகற்றும் சேவை: விதி நன்று, நோட்டீஸுக்குப் பிறகுதான் தொய்வு

தெருவில் நெடுநாள் அசையாமல் நின்ற ஒரு காரைப் பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் அளித்து, அது அகற்றப்படும் வரை தொடர்ந்து கவனித்தவன் என்ற முறையில் இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன்.

இதில் முதலில் பாராட்ட வேண்டியது, எது கைவிடப்பட்ட வாகனம் என்பதை விதி வரையறுத்திருக்கும் விதம். டயரில் காற்று இறங்கியிருப்பதும் கண்ணாடியில் தூசி படிந்திருப்பதும் மட்டுமே போதாது. அந்த வண்டி மருத்துவமனையில் இருப்பவருடையதாகவோ வெளியூர் சென்றவருடையதாகவோ இருக்கலாம். குறிப்பிட்ட காலம் ஒரே இடத்தில் நின்றிருப்பதோடு, பதிவு காலாவதியாகியிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக ஓடும் நிலையில் இல்லாதிருக்க வேண்டும். ஆய்வுக்கு வந்த ஊழியர், வண்டி நகர்ந்ததா என்று பிறகு தெரிவதற்காக டயரிலும் அதை ஒட்டிய தரையிலும் சுண்ணாம்புக் கோடு இழுத்து, டயரின் வால்வு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, முன்கண்ணாடியின் அடி ஓரத்தில் தெரியும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைப் படமெடுத்தார். நம்பர் பிளேட்டைக் கழற்றிவிடலாம், மாற்றிவிடலாம். சேசிஸ் எண்ணை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது என்பதால் இது மிகச் சரியான நடைமுறை.

தொய்வு நோட்டீஸ் ஒட்டியபின் தொடங்குகிறது. பதிவில் உள்ள முகவரிக்குத்தான் கடிதம் போகிறது. வண்டி பல கை மாறியும் பெயர் மாற்றம் செய்யப்படாதிருந்தால், என்றோ விற்றுவிட்டவர் வீட்டுக் கதவைத்தான் அது தட்டும். (வண்டியை விற்பவர்கள் பெயர் மாற்றம் முடிந்ததா என்று உறுதி செய்துகொள்வது தங்களுக்கே நல்லது.) அதைவிடப் பெரிய ஓட்டை, வண்டியைச் சில அடி தள்ளி நிறுத்தினாலே நோட்டீஸின் கெடு மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படுவது. வண்டி தானாக ஓடிச் சென்றால் மட்டுமே கெடுவை மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும்.

இந்தத் தாமதம் வெறும் அழகுக்கேடு அல்ல. பழைய பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. எஞ்சின் ஆயில் சொட்டினால் மழைநீரோடு வடிகாலுக்குப் போகிறது. டிக்கியில் கிடக்கும் டயரில் தேங்கும் நீரில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். வழியை மறிக்கும் வாகனத்தை நோட்டீஸ் இன்றி உடனே அகற்ற விதி இடம் தருகிறது. எண்ணெய் கசிபவற்றுக்கும் எரிந்துபோனவற்றுக்கும் அதே அவசரம் பொருந்த வேண்டும்.

தூக்கிச் செல்லும் வேலையில் குறை சொல்ல ஏதுமில்லை. வண்டிக்குள் இருந்த பொருள்களைப் பட்டியலிட்டு, சாட்சிக் கையொப்பம் வாங்கிய பிறகே இழுவை வண்டியில் ஏற்றினார்கள்.

அகற்றிய வண்டியை வைக்கும் கிடங்கில் நாள்தோறும் ஏறும் வாடகைக்கு மட்டும் உச்சவரம்பு வேண்டும். அந்த வாடகை, வண்டியின் மதிப்பைத் தாண்டிவிட்டால் உரிமையாளர் அதை மீட்க வரவே மாட்டார், கிடங்கு நிரம்பும், அடுத்த புகாருக்கு இடமிருக்காது. உடைப்புக்கு அனுப்பும்போதும் ஏசி வாயு, ஏர்பேக், எண்ணெய் ஆகியவற்றை முறையாக நீக்கும் உரிமம் பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு நெறிமுறை, ஆயுள் முடிந்த வாகனங்களின் எடையில் 95 விழுக்காட்டை மீட்டெடுக்கும் இலக்கை 2015 முதல் விதித்திருக்கிறது. இங்கே பின்பற்றப்படும் விதியில் உடைப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

புகார் அளிப்பவர்கள் வெவ்வேறு நாள்களில் எடுத்த படங்களை, டயரும் தரையும் சேர்ந்து தெரியும்படி இணைத்தால் ஆய்வு விரைவாக நடக்கும்.